சிவப்பு நூல் கட்டிய கரண்டி

செவ்வந்தியிடம் வாய் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தவர் அந்த ஊரில் யாரும் இல்லை. மன்னார்குடியிலிருந்து முத்துப்பேட்டை போகும் சாலையில் பாதி வழியில் இறங்கி, வாய்க்கால் கரையோடு கொஞ்ச தூரம் நடந்தால் வரும் ஊர். அங்கே பதினான்கு பெண்கள் சேர்ந்த நடவு செட்டுக்கு அவள் தலைவி. எந்த வயலில் என்றைக்கு இறங்குவது, யார் எந்த மூலையில் நிற்பது, நாற்று முடியை எங்கே வீசுவது எல்லாம் அவள் சொன்னால் சொன்னதுதான். நடவு இயந்திரத்தை வாடகைக்கு எடுத்த வயல்காரர்கள்கூட, இயந்திரம் திரும்ப முடியாமல் விட்ட மூலைகளை நட அவளைத்தான் கெஞ்சிக் கூப்பிட வேண்டியிருந்தது. அவளும் போவாள். போய், இயந்திரத்தையும் அதை ஓட்டியவனையும் வயல்காரரையும் ஒரே மூச்சில் திட்டிவிட்டு நட்டுக் கொடுப்பாள்.

செட்டில் அவள் வைத்த சட்டம் ஒன்று உண்டு. மதியம் வரப்பில் உட்கார்ந்ததும் பதினான்கு கிண்ணங்களும் நடுவே வரவேண்டும். யார் வீட்டுக் கறியையும் யாரும் எடுப்பார்கள். ஒருத்தி கொண்டுவந்தது வெறும் துவையலாக இருந்தாலும் எல்லோர் சோற்றிலும் அது கொஞ்சம் இருக்கும். தன் கிண்ணத்தை மட்டும் தின்பவளைச் செவ்வந்தி செட்டில் வைத்துக்கொள்வதில்லை. அப்படி இரண்டு பேரை விலக்கியும் இருக்கிறாள்.

நாற்பத்து நான்கு வயதாகியும் அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி இனியவன்தான் காரணம். அப்பா செத்தபோது அவளுக்குப் பதினேழு, அவனுக்கு ஆறு. மூன்று வருஷத்தில் அம்மா தங்கம்மாளும் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அரிசி சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. நண்டு மட்டும் எப்போதும் இருக்கும். வரப்புப் பொந்துக்குள் கையை முழங்கை வரை விட்டு, கடி வாங்கி, அவள் பிடித்து வந்த வயல் நண்டு. தம்பிக்குச் சளி பிடித்தால் நண்டு ரசம். பரீட்சை என்றால் நண்டு வறுவல். நண்டு கிடைக்காத வெயில் மாதங்களில் சென்னாக்குனி இருந்தது. நகக்கண் அளவுக்குக் காய்ந்த பொடி இறால் அது. சட்டியில் வறுத்து நுணுக்கி, கத்திரிக்காயோ கீரையோ எதில் தூவினாலும் அந்த வாசத்துக்கே இரண்டு பிடி சோறு கூட இறங்கும். அந்த ஊரில் யாரும் அதை இறால் கணக்கில் சேர்ப்பதில்லை. உப்பு, மிளகாய், சென்னாக்குனி என்று ஒரே அஞ்சறைப் பெட்டிப் பேச்சாகத்தான் சொல்வார்கள். இறால் போட்டீர்களா என்று கேட்டால், இல்லை, காய்தான் என்பார்கள். பொய் சொல்வதாகவும் அவர்கள் நினைப்பதில்லை.

இப்படி வளர்ந்த இனியவன் படித்து, வேளாண்மைத் துறையில் அலுவலராகி, கும்பகோணத்தில் டவுன் பஸ் கண்டக்டராக இருந்த அண்ணாதுரையின் மகள் பூவிழியைக் கட்டிக்கொண்டு வந்தான். மன்னார்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூவிழி கணக்கு டீச்சர். வந்த முதல் நாள் செவ்வந்தி விடியற்காலையிலேயே எழுந்து இறால் தொக்கும் நண்டுக் குழம்பும் வைத்து, தலைவாழை இலை போட்டு உட்காரவைத்தாள். பூவிழி இலையைப் பார்த்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு இறால், நண்டு ரெண்டும் ஆகாது அண்ணி. அலர்ஜி. அந்தக் கரண்டி பட்டாக்கூட மூச்சு அடைச்சுக்கும்."

"கரண்டி பட்டாக்கூடவா?" என்றாள் செவ்வந்தி. "அப்ப நாங்கல்லாம் விஷத்தைத் தின்னுதான் வளர்ந்தோமா?"

பன்னிரண்டு வயதில் ஒரு கல்யாண வீட்டில் ஒரே ஒரு இறால் வடை தின்று, உதடு வீங்கி, தொண்டை அடைத்து, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததைப் பூவிழி சொன்னாள். இனி ஒரு துணுக்குகூட உள்ளே போகக்கூடாது என்று டாக்டர் எச்சரித்ததையும் சொன்னாள். இனியவன் ஆமாம் அக்கா, ஆமாம் அக்கா என்று பக்கத்தில் நின்றான். செவ்வந்தி இலையை எடுத்து மாட்டுத் தொட்டியில் போட்டாள். அவளுக்குத் தெரிந்த உடம்புகள் பசித்தால் எதையும் தின்றன. தின்றதைத் தாங்கின. தின்னாமல் இருக்க நொண்டிச்சாக்கு சொல்கிற உடம்புகளையும் அவள் பார்த்திருக்கிறாள்.

பத்து வயதில் பார்த்தாள். ஊர்ப் பெரிய பண்ணை, மேல்தெரு துரைக்கண்ணு வீட்டுக்கு அம்மா நண்டு பிடித்துக் கொடுப்பது வழக்கம். உயிர் நண்டை வாங்கிக்கொள்வார்கள். அந்த வீட்டம்மா பிரகதாம்பாளுக்கு ஒரு தடவை மார்ச்சளி என்று கேள்விப்பட்டு, அம்மா பாசத்தோடு ரசமாகவே வைத்துச் செவ்வந்தியிடம் கொடுத்தனுப்பினாள். "வச்சிட்டுப் போ" என்றார்கள். சாயங்காலம் சொம்பை வாங்கப் போனபோது வைக்கோல் போருக்குப் பின்னால் சாக்கடையில் நண்டுக் கால்கள் மிதந்தன. பிடித்த நண்டு ஆகும், சமைத்த கை ஆகாது. வயிற்றுக்கு ஒத்துக்காது என்று அப்போதும் ஒரு சாக்கு சொன்னார்கள். டீக்கடையில் அப்பாவுக்குத் தனி டம்ளர் கவிழ்த்து வைத்திருந்ததையும் அவள் பார்த்தவள்தான்.

இதையெல்லாம் பார்த்தவள் வீட்டுக்குள்தான் பூவிழி ஒரு புதுச் சட்டியும் ஒரு தோசைக்கல்லும் ஒரு கரண்டியும் கொண்டுவந்தாள். மாறிவிடக் கூடாது என்று கரண்டிக் காம்பில் சிவப்பு நூல் சுற்றினாள். அதைத் தனி ஆணியில் மாட்டினாள்.

செவ்வந்தி அந்தக் கரண்டியை நின்று பார்த்தாள். தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டில், தன் அடுப்படியில், தனிக் கரண்டி. மேல்தெருக்காரர்கள் செய்தால் அதற்கு ஒரு பேர் உண்டு. சண்டை போடலாம், ஸ்டேஷனுக்குப் போகலாம். நம்ம ஜனத்துப் பெண்ணே படித்துவிட்டு வந்து செய்தால் என்ன பேர் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பேர் தெரியாத கோபம் இரண்டு மாதம் உள்ளேயே கிடந்து புளித்தது.

செட்டில் செந்தாமரை என்று ஒருத்தி. ஊர் வாயெல்லாம் அவள் வாயில்தான் வந்து சேரும். "என்ன செவ்வந்தியக்கா, உங்க வீட்டுலயே உங்களுக்குத் தனிச் சட்டியாமே. டீச்சரம்மா நீங்க தொட்டதத் தொட மாட்டாங்களாமே" என்று வரப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். பதின்மூன்று பேரும் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்கள். செவ்வந்தி வாழ்க்கையில் முதல் தடவையாகச் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து போய் வாய்க்காலில் கை கழுவினாள்.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. இனியவன் வேலையாக மன்னார்குடிக்குப் போயிருந்தான். பூவிழி தானாக அடுப்படிக்கு வந்தாள்.

"இன்னைக்கு நீங்க சமைங்க அண்ணி. நான் தனியா சமைக்கிறது உங்களுக்கு வருத்தமா இருக்குன்னு அவர் சொன்னார். சட்டி மட்டும் என்னோடத எடுத்துக்குங்க. இறால் நண்டு இல்லாம என்ன வச்சாலும் சரி. உங்க கையால சாப்பிடுறேன்."

நல்ல வார்த்தைதான். கோபத்தில் இருப்பவள் காதில் நல்ல வார்த்தை நல்லபடியாக விழுவதில்லை. சட்டி மட்டும் என்னோடது என்பதுதான் செவ்வந்தி காதில் நின்றது.

கத்திரிக்காயைப் பூவிழியின் சட்டியில்தான் வதக்கினாள். சிவப்பு நூல் கரண்டியால்தான் கிளறினாள். இறக்குவதற்கு முன் டப்பாவைத் திறந்து சென்னாக்குனிப் பொடி ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினாள். தெரியாமல் தூவிவிட்டாள் என்று சொன்னால் சொல்கிறவருக்கும் சௌகரியம், கேட்கிறவருக்கும் சௌகரியம். அவள் தெரிந்துதான் தூவினாள். கொல்ல வேண்டும் என்று இல்லை. தின்றுவிட்டு ஒன்றும் ஆகாமல் உட்கார்ந்திருக்கட்டும், அப்புறம் கேட்கலாம், அலர்ஜி எங்கேடி போச்சு என்று. அந்தக் கேள்வியைக் கேட்கிற சந்தோஷத்தை நினைத்துத்தான் தூவினாள்.

"இதுல எதுவும் இல்லையே அண்ணி?"

"என்ன இருக்கு? கத்திரிக்கா, புளி, உப்பு. தின்னு."

பூவிழி நாலு வாய் சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னாள். ஐந்தாவது வாய்க்கு உள்ளங்கையைச் சொறிந்தாள். நாக்கை வாய்க்குள் புரட்டினாள். "அண்ணி, இதுல என்ன போட்டீங்க?" என்று கேட்டபோது குரல் மாறியிருந்தது. நடிக்கிறாள் என்றுதான் செவ்வந்தி நினைத்தாள். கைப்பையைத் தேடி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டாள் பூவிழி. அது தண்ணீரோடு வெளியே வந்துவிட்டது. கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியது. உதடு கண்ணெதிரே பருத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தாள். இழுத்த மூச்சு உள்ளே போகாமல் தொண்டையில் விசில் மாதிரி நின்றது.

உதட்டை யாரும் அப்படி நடித்துப் பருக்கவைக்க முடியாது. அதுவரை பிடித்த பிடியில் நின்ற செவ்வந்தி அப்போதுதான் எதிர்வீட்டைப் பார்த்து ஓடினாள்.

எதிர்வீட்டு ஆயிஷா பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகிற ஆட்டோ ஓட்டுபவள். ஞாயிற்றுக்கிழமையானதால் வீட்டில் இருந்தாள். இரண்டு பேருமாகத் தூக்கி ஆட்டோவில் கிடத்தினார்கள். ஆயிஷா ஓட்டிக்கொண்டே இனியவனுக்குப் போன் போட்டாள். மன்னார்குடி வரை தாங்காது என்று தெரிந்ததும் வழியில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் திருப்பிவிட்டு, அதையும் அவனிடம் சொன்னாள்.

வாசலில் நின்ற நர்ஸ் பார்த்தாள். கழுத்தில் புதுத் தாலி, புடவையெல்லாம் வாந்தி, வாயோரம் எச்சில், திணறுகிற மூச்சு. நடவு நேரத்தில் அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கு இப்படி வருகிறவர்கள் பெரும்பாலும் எதற்காக வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

"என்ன மருந்து குடிச்சாங்க? எலி மருந்தா, வயலுக்கு அடிக்கிறதா?" என்று கேட்டாள். "பாட்டில் கொண்டாந்தீங்களா? வீட்டுல என்ன சண்டை?"

"மருந்தெல்லாம் குடிக்கலம்மா. சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சாம்" என்றாள் ஆயிஷா.

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க" என்று நர்ஸ் வயிறு கழுவுகிற குழாயை எடுத்தாள். இன்னொருத்தி பூவிழியின் தலையைப் பிடித்தாள். உள்ளறையிலிருந்து டாக்டர் வந்துகொண்டிருந்தார். அதே நேரம் இனியவன் பைக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

செவ்வந்தி சுவரோரம் நின்றாள். வாயைத் திறக்காவிட்டால் பழி மருந்து மேல் போகும். பூவிழி மேல் போகும். ஏற்கெனவே அடைத்த தொண்டைக்குள் அந்தக் குழாய் போகும். வாயைத் திறந்தால் இந்தப் பிறப்பில் தம்பி முகத்தைப் பார்க்க முடியாது. இதை எல்லாம் யோசித்து முடித்தாள் என்று சொல்ல முடியாது. ஆனால் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் பூவிழியின் நகங்கள் நீலமாகிக்கொண்டிருந்தன.

"குழாய வைக்காதீங்க" என்றாள். "அவளுக்கு இறால் ஆகாது. கத்திரிக்காயில சென்னாக்குனி போட்டேன்."

"ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார் டாக்டர்.

"தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன்."

இனியவன் திரும்பிப் பார்த்தான். டாக்டர் அதற்குள் குழாயைத் தள்ளிவிட்டு, ஊசியை வாங்கிப் புடவைக்கு மேலாகவே பூவிழியின் தொடையில் போட்டார். ஆக்சிஜன் வைத்தார்கள். காலைத் தூக்கி வைத்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு ஊசி. பிறகு அந்த விசில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

டாக்டர் பேர் மதிவதனி. சின்ன வயசு, ஆனால் வாய் செவ்வந்தியின் வாய்க்குக் குறைந்ததில்லை. வராந்தாவில் நிற்கவைத்துக் கேட்டார். "ஒரு சிட்டிகைதானேன்னு நினைச்சீங்க. அவங்க உடம்புக்குச் சிட்டிகையும் ஒண்ணுதான், கிலோவும் ஒண்ணுதான். உங்க உடம்பு சாப்பாடுன்னு நினைக்கிறத அவங்க உடம்பு எதிரின்னு நினைச்சுச் சண்டைக்குப் போவுது. அந்தச் சண்டையில தொண்டை வீங்குது, ரத்த அழுத்தம் இறங்குது, ஆள் போயிடுவாங்க. பழகினா சரியாப் போவும்னு இதுல ஒண்ணும் கிடையாது. இறால் கிளறின கரண்டி, இறால் பொரிச்ச எண்ணெய், எல்லாமே அவங்களுக்கு ஆபத்து. அதுக்குத்தான் தனிக் கரண்டி வச்சிருக்காங்க. நீங்க என்னன்னு நினைச்சீங்க?"

என்னவென்று நினைத்தாள் என்பதை அந்த டாக்டரிடம் சொல்ல முடியாது. சொன்னால் அவருக்குப் புரியக்கூடும். புரிந்தாலும் மன்னிக்க மாட்டார்.

அடங்கியது சில மணி நேரத்தில் திரும்பவும் கிளம்பலாம் என்று தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டு நாள் வைத்திருந்தார்கள். எப்படி ஆனது என்று கேட்டு எழுதிக்கொள்ள ஒரு போலீஸ்காரர் வந்தபோது, வீட்டுச் சாப்பாடு, தவறிப் போச்சு என்றாள் பூவிழி. அவர் போனதும் செவ்வந்தியைப் பார்த்துச் சொன்னாள். "உங்களுக்காகச் சொல்லல. கேஸ்னு போனா உங்க தம்பி வேலைக்கு ஆபத்து, அதுக்காகச் சொன்னேன். நீங்க போங்க."

ஊர் திரும்பிய கையோடு தம்பியும் பூவிழியும் மன்னார்குடியில் வாடகைக்கு வீடு பார்த்துப் போய்விட்டார்கள். புதுச் சட்டியும் தோசைக்கல்லும் போயின. சிவப்பு நூல் கரண்டி மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமை போட்ட இடத்திலேயே கிடந்தது. செவ்வந்தி அதைத் தேய்த்துக் கழுவி, ஆணியில் மாட்டினாள். அதை அவள் எதற்கும் எடுப்பதில்லை. இனியவன் மாதம் ஒரு தரம் வந்து வாசலில் நின்று நலம் விசாரித்துவிட்டுப் போவான். தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்பான்.

இதோடு முடிந்திருந்தால்கூட ஒரு நியாயம் இருக்கும். ஊர் முடியவிடவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்ட கேள்வி எப்படியோ ஆட்டோவுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்துவிட்டது. கல்யாணமாகி ரெண்டே மாதத்தில் டீச்சரம்மா மருந்து குடித்துவிட்டாள் என்று பேசினார்கள். ஏன் குடித்தாள் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அந்தக் காரணங்களில் ஒன்றுகூடப் பூவிழிக்கு நல்ல பெயர் தருவதில்லை. ஆயிஷா இல்லை இல்லை என்று நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தாள். கத்திரிக்காய் தின்று யாருக்காவது மூச்சு நிற்குமா என்று சிரித்தார்கள்.

நிற்கும் என்று சொல்லக்கூடியவள் ஒருத்திதான். அவள் சொல்லவில்லை. பதின்மூன்று பேரைக் கட்டி மேய்க்கிறவள், வாயால் பிழைக்கிறவள், ஒரு வருஷம் அந்த ஒரு வார்த்தையை மட்டும் விழுங்கிக்கொண்டு வயலில் நின்றாள். ஆயிஷா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். "நீங்க வாய மூடிக்கிட்டு இருக்கிறதால அந்தப் பொண்ணுக்கு ரெண்டு கேடு" என்று கடைசியாகச் சொன்னாள். "பேரும் கெட்டுது. ஊர் நம்பாததால நாளைக்கு யாராவது மறுபடி ஊட்டிவிடுவாங்க." செவ்வந்தி அவளையும் திட்டித்தான் அனுப்பினாள்.

ஆனால் கண் மாறிவிட்டது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் ஆட்களைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கரண்டிகளைப் பார்த்தாள். எந்தக் கரண்டி எந்த அண்டாவிலிருந்து எந்த வாளிக்குப் போகிறது, அப்பளம் பொரித்தது எந்த எண்ணெய், தயிர்ப் பச்சடி அள்ளுகிறவன் கை கழுவினானா. யாரும் கேட்காமலே அவள் கண் அதையெல்லாம் குறித்துக்கொண்டது. குறித்து என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

அடுத்த சம்பா நடவு தொடங்கியபோது செந்தாமரையின் மகள் செம்மொழிக்கு மஞ்சள் நீராட்டு விழா. செம்மொழி பூவிழியிடம் படிக்கிற பிள்ளை. டீச்சர் வந்தே ஆகவேண்டும் என்று அழுததால் இனியவனும் பூவிழியும் வந்திருந்தார்கள். பூவிழி பந்தியில் உட்கார்ந்தாள். இலை வேண்டாம் என்று சொல்லி, பையிலிருந்து தன் டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தாள். பையின் ஓரத்தில் ஒரு நீல டப்பா இருந்தது. மூச்சு அடைத்தால் தொடையில் குத்திக்கொள்ளத் தஞ்சாவூரில் எழுதிக்கொடுத்த ஊசி அது என்று, பேச்சை நிறுத்துவதற்கு முன் ஆயிஷா சொல்லி, செவ்வந்திக்குத் தெரியும். குத்திக்கொண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும், நாம்தான் போட்டுக்கொண்டோமே என்று உட்கார்ந்துவிடக் கூடாது என்பதும் தெரியும்.

செந்தாமரைக்கு முகம் சுண்டிவிட்டது. மகள் விசேஷத்தில் தன் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சொந்தச் சோறு தின்றால் எந்தத் தாய்க்கும் சுண்டும். அதுவரை அவள் பக்கம் நியாயம் இருந்தது.

"என்ன டீச்சர், எங்க வீட்டுல கை நனைக்க மாட்டீங்களோ?"

"தப்பா நினைக்காதீங்க. எனக்கு இறால் ஆகாது. கலந்துடும்னு பயம்."

"இதுல இறால் யாரு போட்டா? சாம்பார்தான்" என்றாள் செந்தாமரை. குரலை உயர்த்தினாள். "மருந்து குடிச்ச வயித்துக்கு அதெல்லாம் ஆவுது, எங்க சாம்பார் ஆகலையோ?"

இனியவன் எழுந்தான். அதற்குள் செந்தாமரை பக்கத்தில் நின்ற ஆளின் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கி, சாம்பார் வாளியில் விட்டு, டிபன் பாக்ஸுக்கு மேலே கொண்டுபோய்விட்டாள்.

அந்தக் கரண்டி சற்று முன்பு எங்கே இருந்தது என்று செவ்வந்திக்குத் தெரியும். எதிர் வரிசையில் இறால் தொக்குப் பரிமாறிய கரண்டி அது. காம்பில் இன்னும் சிவப்பாக ஒட்டியிருந்தது. அவள் இலையைத் தாண்டி வந்து செந்தாமரையின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாள். சாம்பார் இரண்டு பேர் புடவையிலும் கொட்டியது.

"விடுங்கக்கா. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"அந்தக் கரண்டி தொக்குல கிடந்ததுடி. அது பட்டா இவ செத்துப்போவா."

"ஆமா, செத்துப்போவாங்க. போன வருஷம்கூடத்தான்" என்று செந்தாமரை ஆரம்பித்தாள்.

"போன வருஷம் இவ மருந்து குடிக்கல" என்றாள் செவ்வந்தி. வயலில் கடைசி மூலை வரை கேட்கிற குரல் அது. பந்தல் முழுக்கக் கேட்டது. "இவ மேல ஒரு தப்பும் இல்ல. இறால் ஆகாதுன்னு எங்கிட்டச் சொன்னா. என் கையால சாப்பிடுறேன்னு உட்கார்ந்தா. நான்தான் கத்திரிக்காயில சென்னாக்குனியப் போட்டு, ஒண்ணும் இல்லன்னு சொல்லித் தின்ன வச்சேன். நடிக்கிறாளான்னு பார்க்கப் போட்டேன். நாலே வாய்தான். நகம் நீலமாயிடுச்சு. நீங்க ஒரு வருஷமா பேசினது அத்தனையும் பொய்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தேன்."

வாளி வைத்திருந்த ஆள் வாளியைக் கீழே வைத்தான். செந்தாமரை தன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே செவ்வந்தியை மேலும் கீழும் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. புதிதாக ஓர் ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

பூவிழி டிபன் பாக்ஸை மூடினாள். மூடியில் இரண்டு சொட்டுச் சாம்பார் தெறித்திருந்தது. அதைத் தொடாமல் ஒரு பாலித்தீன் பையில் போட்டுக் கட்டினாள். சோப்புப் போட்டுக் கை கழுவினாள். செம்மொழியிடம் போய்க் கன்னத்தைத் தொடாமல் தலைக்கு மேலே கை உயர்த்தி வாழ்த்திவிட்டு வந்தாள். செவ்வந்தியைத் தாண்டும்போது நின்றாள்.

"இதச் சொல்ல ஒரு வருஷம் ஆச்சு உங்களுக்கு" என்றாள்.

அண்ணி என்ற சொல் அதில் இல்லை. இனியவன் பைக்கை எடுத்தான். அக்காவை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

மறுநாள் காலை நடவுக்குப் பதின்மூன்று பேரும் வந்தார்கள். யாராவது வருவார்களா என்று வாய்க்கால் கரையில் நின்றிருந்த செவ்வந்திக்கு அதுவே பெரிதாக இருந்தது. வேலை வழக்கம்போல நடந்தது. சொன்ன மூலையில் நின்றார்கள், சொன்ன இடத்தில் நாற்று முடி விழுந்தது. அவள் ஒருத்தியை வரிசை கோணுவதாகத் திட்டினாள். திட்டு வாங்கியவள் திருத்திக்கொண்டாள்.

மதியம் வரப்பில் உட்கார்ந்தார்கள். கிண்ணங்கள் நடுவே வந்தன. செவ்வந்தி முருங்கைக்கீரை கொண்டுவந்திருந்தாள். வெங்காயமும் தேங்காயும் தவிர அதில் எதுவும் போடவில்லை. அதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கைகள் இங்கும் அங்கும் நீண்டன. செந்தாமரையின் மீன் குழம்பு காலியானது. யாரோ கொண்டுவந்த ஊறுகாய்கூடத் தீர்ந்தது. செவ்வந்தியின் கிண்ணத்துக்கு நேராக வந்த கை ஒவ்வொன்றும் சற்றுத் தயங்கி, பக்கத்துக் கிண்ணத்துக்குப் போனது. ஒருவரும் முறைக்கவில்லை, ஜாடை பேசவில்லை. ஏதோ சின்னப் பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வைக்கோல் போருக்குப் பின்னால் மிதந்த நண்டுக் கால்கள் அவள் நினைவுக்கு வந்தன. அன்றைக்கு அம்மாவுக்காக அவளால் அழ முடிந்தது. அந்த ரசத்தில் குற்றம் ஒன்றும் இல்லை. இன்றைக்கு அழுவதற்கு அவளுக்கு யாரும் இல்லை, எதுவும் இல்லை. இந்தப் பதின்மூன்று பேர் செய்வதில் ஒரு தப்பும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

கிண்ணத்தை அவள் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கீரையை அப்படியே சோற்றில் கொட்டிப் பிசைந்து, கடைசிப் பருக்கை வரை தானே தின்று முடித்தாள்.